மலைக்கு அறம் தெரியாது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறித் தப்பியவர்களிலும் பலர் கரை சேரவில்லை. படகில் உடல்வலு மிக்க இளைஞர்கள் முதலில் சோர்ந்துவிடுகிறார்கள், பாய்மரக் கப்பல்களில் உழைத்துத் தேறிய மூத்தவர்களோ தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ‘புளூ ஃபனல்’ கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். அவரும் கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் கடற்கரையிலுள்ள அபர்டோவியில் இளைஞர்களுக்காக ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சியைத் தொடங்கினார்கள். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலை மாலுமிகள் ‘அவுட்வர்டு பவுண்ட்’ என்பார்கள். அதுவே பள்ளியின் பெயராயிற்று. மலையேற்றம், கயாக் படகு, கயிற்றுப் பாலம், காட்டில் கூடாரம் என்று இன்று பல நாடுகளில் இளைஞர்களுக்கு நடத்தப்படும் சாகசப் பயிற்சிகள் பலவற்றின் மூதாதை அந்தப் பள்ளிதான்.

இந்தப் பயிற்சிகள் உடற்பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவதில்லை. தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, துணிவு, ஒழுக்கம் என்றுதான் அறிவிப்புகள் சொல்கின்றன. பிள்ளையை மலைக்கு அனுப்புங்கள், மனிதனாக்கித் திருப்பித் தருகிறோம் என்பது அதன் சாரம். ஆகவே இது ஓர் அறவியல் கூற்று. துன்பமும் ஆபத்தும் ஒருவரை நல்லவராக்குமா? நல்லவன், வல்லவன் என்று தமிழில் இரண்டு சொற்கள் எதுகையோடு ஒட்டி நிற்கின்றன. ஒட்டி நிற்பதாலேயே இரண்டும் ஒன்று என்று மயங்கிவிடுகிறோம். மலையும் கடலும் பிள்ளைகளுக்கு வல்லமையைத் தரக்கூடும். நன்மையைத் தருவது அவற்றின் வேலை அல்ல. அது வேறோர் இடத்திலிருந்து வர வேண்டும். அந்த இடம் எது என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே பிறர் பிள்ளைகளை ஆபத்தான இடத்துக்கு அழைத்துச் செல்லும் உரிமை உண்டு.

பழகப் பழகத்தான் பண்பு வரும் என்றவர் அரிஸ்டாட்டில். கட்டிக் கட்டியே கொத்தனார் ஆவதுபோல, துணிவான செயல்களைச் செய்து செய்தே துணிவுள்ளவர் ஆகிறோம் என்பது அவர் கருத்து. சாகசப் பயிற்சியை ஆதரிப்பவர்கள் அவரைத் துணைக்கு அழைப்பது இங்கேதான். ஆனால் துணிவைப் பற்றிப் பேசும் பகுதியில் அவரே மாலுமிகளையும் எடுத்துக்காட்டுகிறார். புயலில் மாலுமி கலங்குவதில்லை. அதற்குக் காரணம் அவனுடைய அனுபவம். இதிலிருந்து தப்பிவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். இந்த அமைதியைத் துணிவு என்று அவர் ஏற்பதில்லை. மேலான ஒன்றின் பொருட்டு, அச்சம் தெரிந்தும் நிற்பதையே அவர் துணிவு என்கிறார். அபர்டோவியின் பிறப்புக் கதையையே இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். படகில் பிழைத்த மூத்த மாலுமிகளை எந்த முகாமும் உருவாக்கவில்லை. பிழைப்புக்காக ஆண்டுக்கணக்கில் கடலில் உழைத்ததில் வந்த கைத்தேர்ச்சி அது. ஹோல்ட் கண்டது சரியே என்று வைத்துக்கொண்டாலும், அது உழைப்பு எதைத் தரும் என்பதற்குத்தான் சான்றாகும். ஒரு மாதச் செயற்கை நெருக்கடி அதையே தரும் என்பது தனியே நிறுவ வேண்டிய செய்தி.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸையும் இந்த மரபின் முன்னோடியாகச் சொல்வதுண்டு. போர் வேண்டாம், ஆனால் போர் வளர்க்கும் கட்டுப்பாட்டையும் தியாக உணர்வையும் இழந்துவிடவும் கூடாது, எனவே போருக்கு அறநெறியில் ஒரு மாற்றுத் தேவை என்று 1910-இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிட்டார். இளைஞர்களை எங்கே அனுப்பச் சொன்னார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நிலக்கரிச் சுரங்கம், சரக்கு ரயில், பனிக்கால மீன்பிடிப் படகு, சாலைப் பணி, பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல், சன்னல் துடைத்தல் என்று போகிறது அந்தப் பட்டியல். மலையேற்றம் அதில் இல்லை. இயற்கையை எதிர்த்துத் திரட்டும் படை என்று அவர் அதை வருணித்தது இன்று நமக்கு ஒப்பாமல் போகலாம். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வேலைக்கும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார்: அந்த நிலக்கரியில் குளிர்காய்பவர், அந்தத் தட்டில் உண்பவர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள், தங்கள் வசதி யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்பதைத் தங்கள் கைகளால் அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்னால் வந்தவர்கள் கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மறுமுனையை விட்டுவிட்டார்கள்.

அந்த மறுமுனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியே சான்று. பெர்லினை ஒட்டிய ஸ்டெக்லிட்ஸில் 1901-இல் ‘வாண்டர்ஃபோகல்’ என்ற இளைஞர் இயக்கம் முறைப்படி அமைக்கப்பட்டது. பெயருக்கு அலைந்து திரியும் பறவை என்று பொருள். முதுகில் பை, கையில் கிதார், இரவில் தீ மூட்டிப் பாட்டு. தொழில்நகரத்தின் புகையையும் பெரியவர்களின் போலி மரியாதைகளையும் விட்டுக் காடுமலை தேடிப் போன இளைஞர்கள் அவர்கள். இதைப் போன்ற இளைஞர் அமைப்புகள் அடுத்த முப்பது ஆண்டுகளில் அங்கே பல தோன்றின. 1933-இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் அவற்றைக் கலைத்தோ விழுங்கியோ ஹிட்லர் இளைஞர் படையைப் பெருக்கினார்கள். அவர்கள் கூடாரத்தையும் நெடுநடையையும் தீமூட்டலையும் ஒழிக்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பசி பொறுக்கவும், மழையில் நடக்கவும், தோழனைக் கைவிடாதிருக்கவும் அந்தப் பிள்ளைகள் கற்றார்கள். கற்ற வல்லமை எல்லாம் எதற்குப் பயன்பட்டது என்பது வரலாறு. ஊல்ம் நகரத்து ஹான்ஸ் ஷோல் முதலில் ஹிட்லர் இளைஞர் படையில் ஆர்வமாகச் சேர்ந்தவர். பிறகு தடைசெய்யப்பட்ட வேறோர் இளைஞர் குழுவின் மரபில் தோழர்களோடு காடுமலை சுற்றியதற்காக 1937-இல் கைதானவர். கடைசியில் ‘வெள்ளை ரோஜா’ குழுவோடு ஹிட்லருக்கு எதிராகத் துண்டறிக்கை பரப்பி, 1943 பிப்ரவரி 22 அன்று தங்கை சோஃபியோடு கொல்லப்பட்டார். அவரோடு முகாமிட்டு, கடைசிவரை ஆட்சிக்குப் பணிந்தவர்களும் இருந்தார்கள். மலை ஒன்று, நடை ஒன்று, தீ ஒன்று. மனிதர்கள் வேறு வேறாகப் போனார்கள்.

கர்ட் ஹானுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் ஜெர்மனியில் 1920-இல் தொடங்கிய சாலெம் பள்ளியைத் தலைமையேற்று நடத்திவந்தார். 1932-இல் போட்டெம்பா என்ற ஊரில் ஒரு தொழிலாளியை அடித்துக் கொன்ற நாஜிகளுக்கு ஹிட்லர் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தபோது, சாலெமா ஹிட்லரா என்று முடிவு செய்யுங்கள் எனத் தம் பழைய மாணவர்களுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் சிறைப்பட்டார். பிரிட்டனிலிருந்து வந்த அழுத்தத்தால் விடுதலையாகி, அங்கே குடியேறி, 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கினார். சாலெம் மாணவர்களும் ஓடினார்கள், மலை ஏறினார்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் கேட்டது, எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதை அல்ல. ஒரு கொலையை ஏற்கிறீர்களா என்பதை. இந்தக் கேள்விக்கு விடை மலையில் இல்லை.

ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. 1920-களில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல சூழல்களில் சோதித்தார்கள். தேர்வில் ஏமாற்றாத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது.  நேர்மை என்பது எல்லா இடத்துக்கும் உடன்வரும் ஒரே பொருளாக இல்லை. ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆண்ட்ரூ புரூக்ஸ் 2003-இல் இதே வாதத்தைச் சாகசக் கல்வியின்மேல் திருப்பினார். முகாமில் பிள்ளை வேறு மாதிரி நடந்துகொள்வது முகாம் என்ற சூழலின் விளைவு. அதைப் பிள்ளையின் குணமே மாறிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம் என்றார். மறுபக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. ஜான் ஹாட்டியும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாகசப் பயிற்சி தந்த பலன் முகாம் முடிந்த பின்னும் நிலைத்ததோடு சற்றே வளர்ந்ததையும் கண்டார்கள். கல்வித் திட்டங்களில் இது அரிது. ஆனால் அந்தப் பலன்களில் பெரும்பகுதி, தன்னைப் பற்றிய மதிப்பு, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு போன்றவை. பெரும்பாலும் பங்கேற்றவர்களே தங்களைப் பற்றிச் சொன்னவை. அவற்றை நான் மறுக்கவில்லை. அவை வல்லமையின் அளவுகள் என்கிறேன். தன்மேல் நம்பிக்கை கூடிய பிள்ளை அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்தது என்பதற்கு அந்த எண்களில் விடை இல்லை.

அப்படியானால் நன்மை எங்கிருந்து வருகிறது? நார்வேயைச் சேர்ந்த சிந்தனையாளர் யூன் எல்ஸ்டர் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். சில நிலைகளைக் குறிவைத்து அடைய முடியாது. வேறொன்றைச் செய்யும்போது அவை தாமே கூடிவரும். தூங்கியே தீருவேன் என்று முயல்பவருக்குத் தூக்கம் வராது. இயல்பாக இருப்பேன் என்று முயல்பவர் இயல்பாக இருப்பதில்லை. துணிவும் இந்த இனம்தான். இராமன் காட்டுக்குப் போனது குணத்தை வளர்த்துக்கொள்வதற்காக அல்ல. தந்தையின் வாக்கைக் காப்பதற்காக. பதினான்கு ஆண்டுப் பயிற்சி முகாம் என்று அந்தக் கதையைச் சொன்னால் கதையே இல்லாமல் போய்விடும். கஷ்டம் மட்டுமே போதும் என்றால், இருட்டோடு வலை இழுக்கப் போகும் நாகப்பட்டினத்து மீனவச் சிறுவனுக்கும், அட்டைக் கடியோடு கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டப் பெண்ணுக்கும் எவ்வளவோ சான்றிதழ்கள் கொடுத்திருக்க வேண்டும். நாம் கொடுப்பதில்லை, அந்தக் கஷ்டத்தை வறுமை என்கிறோம். திரும்பிவர வண்டி காத்திருக்கும் கஷ்டத்துக்கு மட்டும் சாகசம் என்று பெயர். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. கஷ்டம் தன்னளவில் அறம் ஆகாது என்பதை நாமே உள்ளூர ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நன்மை கூடும் இடம், என் உதவிக்காக இன்னொருவர் காத்திருக்கும் இடம். ஹானின் சிந்தனையில் நிலைக்கத் தக்க பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். கார்டன்ஸ்டவுனில் மாணவர்கள் கடலோரக் காவலிலும் தீயணைப்பிலும் மலைமீட்பிலும் ஈடுபட்டார்கள். அவர் கருத்தில் உருவாகி 1962-இல் வேல்ஸின் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கல்லூரியின் கடற்கரை 1963-இலிருந்து 2013 வரை பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பின் நிலையங்களில் ஒன்றாக இருந்தது. மாணவர்களே படகு செலுத்திப் போய் ஆட்களை மீட்டார்கள். அந்தக் கரடுமுரடான கரைக்கு ஏற்ற படகு இல்லாததால், கல்லூரித் தலைவர் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் உறுதியான அடித்தளமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட புதுவகைப் படகை ஆண்டுக்கணக்கில் செய்து செய்து பார்த்தார்கள். இன்று உலகெங்கும் மீட்புப் படையினர் பயன்படுத்தும் படகுவகை அதிலிருந்து வளர்ந்தது. அதன் காப்புரிமையை ஹோர் ஒரு பவுண்டுக்கு உயிர்காப்பு அமைப்பிடம் கொடுத்துவிட்டார். அந்த மாணவர்களும் குளிரில் நடுங்கினார்கள், அலையில் புரண்டார்கள். அபர்டோவிக்குக் குறைந்த கஷ்டம் இல்லை. ஆனால் அங்கே யாரும் துணிவைப் பயிற்சி செய்யவில்லை. தண்ணீரில் ஒருவர் தத்தளித்தார், போனார்கள். துணிவு தானாக வந்தது.

இனி மறுப்புகள். முதலாவது, மிகக் கனமானது: எந்த அறத்தின் பேராலும் ஒரு பிள்ளையை ஆபத்தில் நிறுத்தலாமா? மூன்று துயரங்களைப் பிரித்துப் பார்த்தால் விடைக்கு வழி தெரியும். 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மேட்டுச் சமவெளியில், எடின்பரோவிலிருந்து வந்த மாணவர் குழு பனிப்புயலில் சிக்கி, ஐந்து மாணவர்களும் 18 வயது உதவியாளர் ஒருவரும் இறந்தார்கள். சமவெளியிலிருந்த சிறு புகலிடக் குடிசையை அடைந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. காப்பதற்காகக் கட்டிய குடிசையே ஆட்களை ஆபத்துக்குள் இழுக்கிறதா என்ற விவாதம் எழுந்தது. பிறகு அது இடிக்கப்பட்டது. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் கயாக் ஓட்டப் போன நான்கு பதின்வயதினர் இறந்தார்கள். பாதுகாப்பு சரியில்லை என்று முன்னாள் பயிற்றுநர்கள் நிறுவனத்தை எழுத்திலேயே எச்சரித்திருந்தார்கள். நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் தண்டிக்கப்பட்டனர். 1995-இல் இத்தகைய மையங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. 2015 ஜூன் 5 அன்று மலேசியாவின் கினபாலு மலையில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அங்கே ஏறிக்கொண்டிருந்த சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஏழு பேரும் ஆசிரியர்கள் இருவரும் உயிரிழந்தார்கள். முதலாவது முடிவெடுத்ததில் நேர்ந்த பிழை; இரண்டாவது எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாத குற்றம்; மூன்றாவது, முன்கூட்டி யாரும் அறிய முடியாத இடி. மூன்றாவதற்கு அஞ்சி வீட்டுக்குள் இருந்தால் சாலையைக் கடக்கவும் முடியாது. முதல் இரண்டும் பெரியவர்கள் தடுக்கக்கூடியவை. ஆபத்து பாடமாக இருக்கும்வரை அதைக் குறைத்தால் பாடம் குறையும் என்ற எண்ணம் நிர்வாகத்துக்குள் ஒளிந்திருக்கும். பிறருக்கான பொறுப்பு பாடமானால், ஆபத்தை எவ்வளவு குறைத்தாலும் பாடம் குறையாது. மீட்புக்குப் போகிறவர்தான் கயிற்றை இரண்டு முறை சோதிக்கிறார்.

இரண்டாவது மறுப்பு, கட்டாயம் பற்றியது. 1967-இலிருந்து உபின் தீவில் அவுட்வர்டு பவுண்ட் பள்ளி நடத்திவரும் சிங்கப்பூர், உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ஐந்து நாள் பயிற்சி என்று திட்டம் வகுத்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளும் சீன, மலாய்ப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் துடுப்புப் போடுவார்கள். வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை எல்லாருக்கும் ஆக்கியது நியாயம். ஆனால் கட்டாயத் துணிவு துணிவாகுமா? கணக்குப் பாடமும் கட்டாயம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. வற்புறுத்திக் கூட்டல் கற்பிக்கலாம், வற்புறுத்தி நெஞ்சுரம் ஊட்ட முடியாது. வருகையைக் கட்டாயமாக்கலாம், பாய்ச்சலைக் கட்டாயமாக்கக் கூடாது. உயரத்தில் கயிற்றின் முன் நின்று ‘என்னால் முடியாது’ என்று சொல்லும் பிள்ளை, சுற்றி நின்று கூவும் தோழர்களை எதிர்த்து ஓர் உண்மையைச் சொல்கிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதை வள்ளுவர் பேதைமை என்கிறார். அதை அவர் வைத்திருப்பது படைச்செருக்கு அதிகாரத்தில் அல்ல, அறிவுடைமை அதிகாரத்தில். மறுக்கும் பிள்ளைக்கு மதிப்புத் தராத முகாம் கற்றுக்கொடுப்பது துணிவை அல்ல, கூட்டத்துக்குப் பணிவதை. அந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மேலே பார்த்தோம்.

மூன்றாவதாக ஒரு மென்மையான மறுப்பு. எல்லாவற்றிலும் அறத்தைத் தேடுவானேன்? பிள்ளைகள் மலைக்குப் போகட்டும், பனியைப் பார்க்கட்டும், நட்சத்திரங்களின் கீழே தூங்கட்டும்; மகிழ்ச்சி போதாதா? போதும். உண்மையில் இதுவே மிக நேர்மையான காரணம். காட்டை ஒருமுறை நேசித்தவர் அதை யாராவது வெட்ட வரும்போது குரல் கொடுக்கவும் கூடும். நான் எதிர்ப்பது மகிழ்ச்சியை அல்ல. மகிழ்ச்சியை விற்றுக் குணம் என்று ரசீது தருவதை. உல்லாசம் என்று சொல்லி அழைத்துப் போனால் கணக்கு நேர். மனிதனாக்குகிறோம் என்று சொன்னால், எந்த வகை மனிதன் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு வந்துவிடுகிறது.

அந்த உரிமையைப் பெற்றோரும் பள்ளிகளும் பயன்படுத்த வேண்டும். கட்டணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் போதும். என் பிள்ளை முடியாது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? பாதுகாப்பு சரியில்லை என்று உங்கள் பயிற்றுநர் சொன்னால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா? உங்கள் முகாமில் என் பிள்ளையால் யாருக்கு என்ன உதவி? முதல் இரண்டுக்கும் விடை இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மூன்றாவதற்கு விடை இல்லையென்றால் அனுப்பலாம். ஆனால் அது நல்ல விடுமுறை என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.